யூனிசன் பெண்ட்: தனியாக வளைத்தால் சரி, சேர்த்து மீட்டினால் சுருதி சேரவில்லை

அரைச்சுருதி:
எலெக்ட்ரிக் கிட்டார், ஸ்டாண்டர்ட் ட்யூனிங். இரண்டாம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், மூன்றாம் கம்பி 7ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல். மூன்றாம் கம்பியை வளைத்து ஒரு முழு ஸ்டெப் (இரண்டு ஃப்ரெட் அளவு) ஏற்றினால் இரண்டும் ஒரே 'ஈ' சுரத்தில் வந்து சேர வேண்டும், அதுதான் யூனிசன் பெண்ட். மூன்றாம் கம்பியை மட்டும் மீட்டி வளைத்தால் டியூனரில் 'ஈ' அச்சாக நிற்கிறது. இரண்டையும் சேர்த்து மீட்டினால் 'வாவ் வாவ்' என்று அலையடிக்கிறது. விரல் காய்த்துப்போனதுதான் மிச்சம். யாராவது வழி சொல்லுங்களேன்.

தகரக்கம்பி:
என்ன கேஜ் (கம்பியின் தடிமன்) போட்டிருக்கிறீர்கள்? 10 என்றால் 9க்கு மாறிப் பாருங்கள், வளைக்கச் சுலபமாக இருக்கும்.

கட்டைவிரல்:
கேஜ் மாற்றினால் விரல் வலி குறையும், இந்தக் கோளாறு போகாது. தனியாக வளைக்கும்போது 'ஈ' சரியாக வருகிறது என்கிறாரே, அப்படியென்றால் ஆடுவது மற்ற கம்பி. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். டியூனரைப் போட்டு, மூன்றாம் கம்பியை மீட்டாமலே வளைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கம்பியை மட்டும் மீட்டுங்கள். முள் மேலே போனால் கை காரணம்: மணிக்கட்டு திரும்பும்போது ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்தக் கம்பியைத் தள்ளுகிறது. கீழே போனால் பிரிட்ஜ், அதாவது உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பகுதி, காரணம். உங்களுடையது ட்ரெமலோ பிரிட்ஜா (பாரால் அசைக்கக்கூடியது)?

அரைச்சுருதி:
ஆமாம், ட்ரெமலோதான், பின்பக்கம் உடம்பில் படாமல் தூக்கி நிற்கிறது. முள் நன்றாகவே கீழே இறங்குகிறது. முதல் கம்பியைச் சும்மா திறந்து மீட்டினாலும் அதேதான்!

கட்டைவிரல்:
அப்படியானால் சந்தேகமே இல்லை. அந்த மாதிரி பிரிட்ஜ் ஒரு தராசு. முன்னால் கம்பிகள் இழுக்கின்றன, பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. ஒரு கம்பியை வளைத்து இழுவிசையைக் கூட்டினால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து, மீதி ஐந்தும் தளர்ந்துவிடும். நீங்கள் மூன்றாம் கம்பியைச் சரியான 'ஈ'க்குக் கொண்டுபோகிற நேரத்தில் இரண்டாம் கம்பி 'ஈ'யை விட்டு இறங்கியிருக்கும்.

கொஞ்சம் குறைவாக வளைத்தால் இரண்டும் சந்திக்கும், அலையும் நிற்கும். ஆனால் அந்த இடம் உண்மையான 'ஈ'க்குக் கீழே. தனியாக வாசித்தால் தெரியாது, பேஸ் கிட்டார் கூட வாசிக்கும்போது இளித்துவிடும்.

உடனடி வழி, பிக் பிடிக்கிற கையின் அடிப்பாகத்தைப் பிரிட்ஜின் பின்விளிம்பில் வைத்து, எழும்ப விடாமல் பிடிப்பது. பலமாக அழுத்தினால் எல்லாக் கம்பியும் ஏறிவிடும், ஜாக்கிரதை.

மரப்பலகை:
வேமி பாரை (பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடி) மேலே இழுத்து வாசிக்கும் பழக்கம் இல்லையென்றால் இவ்வளவு கஷ்டமே வேண்டாம். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முறுக்க முறுக்கச் சுருதி ஏறும், அவ்வப்போது திரும்ப ட்யூன் செய்யுங்கள். பிரிட்ஜ் உடம்பில் உட்கார்ந்த பிறகும் இன்னும் சற்று முறுக்கினால்தான் பெண்டுக்கு அசையாது. பாரைக் கீழே அமுக்குவது அப்போதும் வேலை செய்யும். ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) தாழ்ந்துவிட்டால் சேடில்களை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டுகள்) உயர்த்த வேண்டியிருக்கும்.

அரைச்சுருதி:
முறுக்கிவிட்டேன். முள் இப்போது துளிதான் அசைகிறது, அலையும் நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் நன்றி! இன்னொன்று: வளைத்ததை இறக்கும்போது நான்காம் கம்பி 'டொய்ங்' என்கிறது.

கட்டைவிரல்:
மோதிர விரலுக்குப் பின்னால், 6ஆம் ஃப்ரெட்டில் நடுவிரலை வையுங்கள். தள்ளும் பலம் பாதி அதிலிருந்துதான் வர வேண்டும். அதன் நுனி நான்காம் கம்பியைத் தொட்டபடி இருந்தால் சத்தம் அடங்கும். அப்படியும் கேட்டால் பிக் பிடிக்கிற கட்டைவிரலின் பக்கவாட்டை அந்தக் கம்பியில் சாய்த்துவிடுங்கள்.