பக்னர் மீது விழுந்த பழியும் நம் அணிகளைப் பற்றிய கணக்குகளும்

பாஸ்டனிலிருந்து:

தன் அணியைப் பற்றி ஊரே நம்பும் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் ரசிகன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் பேஸ்பால் பாடம், 1986-இல் எங்கள் அணியின் வீரர் பில் பக்னர் கோப்பையைக் கைநழுவ விட்டார் என்பது. அலுவலகத்தில் சொன்னார்கள், முடிதிருத்தும் கடையில் சொன்னார்கள், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் சொன்னார். ஒரு மனிதர் மீது இவ்வளவு பெரிய பழி என்றால், அந்த இன்னிங்ஸை ஒவ்வொரு நிகழ்வாகப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று தோன்றியது. ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பு பழைய ஆட்டங்களின் பதிவுகளை இலவசமாகத் தருகிறது. அங்கேதான் தொடங்கினேன்.

1986 அக்டோபர் 25, உலகத் தொடரின் (ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் அணிக்குக் கோப்பை தரும் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டம், நியூயார்க்கின் ஷே மைதானம். ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராததால் நடந்த பத்தாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-3 என்று முன்னிலையில் இருக்கிறது. எதிரணியான நியூயார்க் மெட்ஸில் இரண்டு பேர் அவுட், தளங்களில் (எல்லாவற்றையும் சுற்றி ஓடிவந்தால் ஒரு ரன்) யாரும் இல்லை. இன்னும் ஓர் அவுட் விழுந்தால் கோப்பை. இந்த நிலையில் இருக்கும் அணி நூற்றுக்கு ஒரு முறைதான் தோற்கும் என்று சொல்லலாம். அதன் பிறகு மெட்ஸ் மட்டையாளர்கள் மூன்று பேர் அடுத்தடுத்து அடித்துத் தளம் சேர்ந்தார்கள். 5-4 ஆனது. பந்துவீச்சாளர் மாற்றப்பட்டார். புதிதாக வந்தவர் வீசிய ஒரு பந்து கட்டுக்கடங்காமல் போக, மூன்றாவது தளத்தில் இருந்தவர் ஓடிவந்துவிட்டார். 5-5.

பக்னரின் கால்களுக்கிடையே பந்து போய், மெட்ஸ் வெற்றி ரன்னை எடுத்தது இதற்குப் பிறகுதான். அவர் அதைப் பிடித்து அவுட் செய்திருந்தால் கோப்பை வந்திருக்காது. ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். சமநிலையில், எதிரணியின் மைதானத்தில், வெற்றியடிக்கும் ஓட்டக்காரர் இரண்டாவது தளத்தில் நிற்கும்போது ரெட் சாக்ஸின் வாய்ப்பு பாதிக்கும் கீழே. 99 சதவீத வாய்ப்பிலிருந்து அந்த இடத்துக்கு அணி சரிந்ததில் பக்னருக்குப் பங்கே இல்லை. சரிவின் பெரும்பகுதி அதுதான். அக்டோபர் 27 அன்று ஏழாவது ஆட்டமும் நடந்தது. அதில் 3-0 என்று முன்னிலையில் இருந்து 8-5 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கின் திறந்தவெளி இருக்கையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "நான் கண்ணால் பார்த்தவன்" என்று கோபித்துக்கொண்டார். பந்து தவறியபோது ஸ்கோர் என்ன என்று கேட்டேன். "நாம் ஒரு ரன் முன்னிலை" என்றார் உறுதியாக. நான் கேட்டவர்களில் பலருடைய நினைவில் இப்படித்தான் பதிந்திருக்கிறது. பழி முதலில் நிலைத்துவிட்டது, ஸ்கோர் அதற்கேற்ப மாறிக்கொண்டது. 2008-இல் முதல் பந்தை வீச பக்னரை ஃபென்வேக்கு அழைத்தபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அது இருபத்திரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்த கைதட்டல் என்பது என் கருத்து.

அடுத்தது சாபம். 1919 டிசம்பரில் நட்சத்திர வீரர் பேப் ரூத்தை நியூயார்க்கின் யாங்கீஸ் அணிக்கு விற்றார்கள்; அதனால் சாபம் விழுந்தது என்பார்கள். 1918-க்குப் பிறகு 2004 வரை ரெட் சாக்ஸுக்குக் கோப்பை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் எல்லா அணிகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக் கணக்கிட்டேன். 1960 வரை 16 அணிகள், பிறகு படிப்படியாக 1998-இல் 30. 1919 முதல் 2003 வரை ஒரு குறிப்பிட்ட அணி ஒருமுறைகூட வெல்லாமல் இருக்க வாய்ப்பு சுமார் 1.2 சதவீதம். இந்த எண்ணைச் சொன்னால் சாபக் கட்சிக்காரர்கள் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் நடந்த 84 உலகத் தொடர்களில் 26-ஐ யாங்கீஸ் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய 58-ஐத்தான் மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த 58-ஐ மட்டும் சமமாகப் பிரித்துப் பார்த்தால் 1.2 சதவீதம் நான்குக்கு மேல் போய்விடுகிறது. யாங்கீஸ் தவிர்த்த பழைய 15 அணிகளில் ஏதாவது ஒன்றுக்காவது இந்தக் கதி நேர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு! எந்த ஊருக்கு நேர்ந்திருந்தாலும் அந்த ஊர் ஒரு சாபக் கதையைக் கட்டியிருக்கும்.

வெறும் தற்செயலும் அல்ல. 1945-இல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் வீரர் தேர்வுக்காக ஃபென்வேக்கு வந்தார். அணி அவரை எடுக்கவில்லை. மேஜர் லீக் என்ற உயர்மட்டப் போட்டியின் அன்றைய அணிகளில் கறுப்பின வீரரைக் கடைசியாகக் களமிறக்கியது ரெட் சாக்ஸ்தான். 1959-இல்தான் பம்ப்ஸி கிரீன் வந்தார். ராபின்சன் டாட்ஜர்ஸ் என்ற வேறோர் அணிக்கு ஆடத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. அத்தனை திறமைசாலிகளுக்குத் தானே கதவைச் சாத்திக்கொண்ட நிர்வாகத்தின் தவறை ரூத்தின் ஆவி மீது ஏற்றுவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

1978-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலையில் யாங்கீஸைவிட 14 ஆட்டங்கள் முன்னிலையில் இருந்து கோட்டைவிட்டார்கள், நெஞ்சுரம் இல்லாத அணி என்பார்கள். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். பில் ஜேம்ஸ் தந்த சூத்திரம் இது. அந்த ஆண்டு ரெட் சாக்ஸ் எடுத்தது 796, கொடுத்தது 657; சூத்திரப்படி சுமார் 97 வெற்றி. யாங்கீஸ் 735, 582, சுமார் 100. உண்மையில் ரெட் சாக்ஸ் 99, யாங்கீஸ் 100. யாங்கீஸ் சற்றே மேலான அணி, அதுவே வென்றது. அதிலும் ரெட் சாக்ஸ் கடைசி எட்டு ஆட்டங்களையும் வென்றுதான் சமன் செய்து, முடிவை ஒற்றை ஆட்டத்துக்குக் கொண்டுபோனது. நெஞ்சுரம் இல்லாதவர்கள் செய்யும் காரியமா இது?

சிகாகோவிலிருந்து:

பாஸ்டன் நண்பருக்கு நன்றி. எங்கள் ஊர் பேஸ்பால் அணியான கப்ஸுக்கு ஆட்டுச் சாபம். 1945 உலகத் தொடரில், எங்கள் ரிக்லி மைதானத்துக்குத் தன் ஆட்டுடன் வந்த மதுக்கடைக்காரரை வெளியே அனுப்பினார்களாம். அவர் சபித்ததால் 2016 வரை கோப்பை இல்லையாம். இதற்குப் பெரிய புள்ளியியல் வேண்டாம், தேதி போதும். கடைசிக் கோப்பை 1908-இல் வந்தது. ஆடு வருவதற்கு முன்பே 37 ஆண்டுகள் வறட்சி! 1910 முதல் 1945 வரை ஏழு முறை உலகத் தொடருக்குப் போய் ஏழிலும் தோற்றோம். நாணயம் சுண்டினால் அது 128-இல் ஒரு முறை நடக்கக்கூடியது. உண்மையான துரதிர்ஷ்டம் என்றால் அதுதான். 1947 முதல் 1966 வரையோ, இருபது ஆண்டுகள் தொடர்ந்து லீக்கின் கீழ்ப்பாதியிலேயே கிடந்தோம். மோசமான அணி தோற்பதற்கு ஆடு எதற்கு?

மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் 1908-க்கும் 1945-க்கும் இடையில் வேறு ஏதோ சாபம் இருந்திருக்கும்" என்றார். அவரோடு பேசிப் பயனில்லை. இதே ஊரின் இன்னோர் அணியான ஒயிட் சாக்ஸ் 1917 முதல் 2005 வரை காத்திருந்தது. அவர்களைப் பற்றி யாரும் இவ்வளவு கதை சொல்வதில்லை.

மீண்டும் பாஸ்டனிலிருந்து, இன்னொருவர்:

எங்கள் வீட்டில் ரெட் சாக்ஸ் மட்டையாளர் டேவிட் ஓர்டிஸ் என்றால் தெய்வம். நெருக்கடியில்தான் அவர் இன்னும் நன்றாக ஆடுவார் என்று என் மகள் சத்தியம் செய்வாள். 2004-இல் உலகத் தொடருக்கு முந்தைய தொடரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கிய பிறகு, நான்காவது ஆட்டத்தைப் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன்னால் முடித்தார். ஐந்தாவதைப் பதினான்காவது இன்னிங்ஸில் முடித்தார். 2013 உலகத் தொடரில் 16 வாய்ப்பில் 11 முறை அடித்தார். யார்தான் நம்ப மாட்டார்கள்?

இருவருமாக உட்கார்ந்து எண்களை எடுத்தோம். வழக்கமான பருவத்தில் அவருடைய வாழ்நாள் பேட்டிங் சராசரி .286, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 286 அடி. பருவத்துக்குப் பிறகு அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களில் .289. சுமார் முந்நூறு வாய்ப்புகளில் இருபத்தைந்து புள்ளிகள் (ஒரு புள்ளி என்பது ஆயிரத்தில் ஒன்று) வரை ஏறி இறங்குவது சாதாரணம் என்பதால், இந்த மூன்று புள்ளி ஒன்றுமே இல்லை. மகளின் முகம் வாடிவிட்டது. பிறகு அவளே கேட்டாள்: "அம்மா, அக்டோபரில் வீசுபவர்கள் எல்லோரும் நல்ல பந்துவீச்சாளர்கள்தானே? வலுவான அணிகள்தானே அதுவரை வரும்?" சரியான கேள்வி. எதிரே நிற்பவர்களின் தரம் கூடும்போது பெரும்பாலோரின் எண்கள் இறங்கும். ஓர்டிஸின் எண் இறங்கவில்லை. அவர் பந்து அடித்த அணிகளின் பந்துவீச்சாளர்கள் வழக்கமான பருவத்தில் கொடுத்த ரன்களை வைத்து இதைத் திருத்திக் கணக்கிட இப்போது அவள் அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறாள். 2004-ஐ முடித்துவிட்டாள், 2007 பாதியில் இருக்கிறது. இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வழிமுறையைச் சொல்லுங்கள்.