தொழுநோய் இல்லங்களில் ஊழியம் செய்தவர்களே, நெஞ்சை விட்டு அகலாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

செவிலியர், வேலூர் மாவட்டம்

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து தொழுநோய் இல்லத்தில் பாதங்கழுவும் ஆராதனை எப்படி நடக்கும் என்பது இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால், நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆயர் வரிசையாக ஒவ்வொருவர் முன்பும் முழந்தாளிட்டு, குவளையால் நீரை ஊற்றி, துவாலையால் புறங்காலை ஒற்றியெடுத்துக்கொண்டே வந்தார். நடுவில் அமர்ந்திருந்த ஒரு பாட்டியம்மாள், விரல்கள் மடங்கிப்போன கையால் அவருடைய தோளைத் தொட்டு, "ஐயா, அடியைப் பார்க்காமல் போகிறீர்களே, எங்களுக்கு அடிதானே முக்கியம்" என்றார்.

பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆயர் எழவில்லை. அங்கியின் கையை மடித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பாதத்தைத் தம் மடியில் தூக்கி வைத்தார். "உள்ளங்கையால் தடவினால் தெரியாது, புறங்கையை வைத்துப் பாருங்கள்" என்று பாட்டியம்மாளே சொல்லிக்கொடுத்தார். பெருவிரலுக்குக் கீழே ஓர் இடம் மட்டும் சுட்டது. தோல் கிழியவில்லை, இரத்தமும் இல்லை. ஆனால் உணர்ச்சியற்ற காலில் அப்படி ஓர் இடம் சுடுகிறது என்றால், அதையே ஊன்றி நடக்க நடக்க அங்கே புண் வரும் என்பது இந்த வேலையில் இருக்கும் எவருக்கும் தெரியும். அதன்பின் ஆயர் மற்ற எல்லோருடைய பாதங்களையும் திருப்பிப் பார்த்துப் பார்த்துக் கழுவினார். ஆராதனை வழக்கத்தைவிட வெகுநேரம் நீண்டது. ஆண்டவர் மேல்வீட்டறையில் செய்தது நடந்து களைத்த பாதங்களுக்குத் தேவையான ஒரு வேலை என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாள் வரும்போது அந்தப் பாட்டியம்மாளின் குரல் காதில் விழுகிறது.

ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், காட்பாடி

சகோதரி எழுதியதை இருமுறை படித்தேன். என் அனுபவம் காலைப் பற்றியதன்று, கையைப் பற்றியது. மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை முடிந்து, மாவுக்கட்டுப் பிரித்து, பயிற்சியும் ஓரளவு நிறைவேறியிருந்த ஒருவர், ஒரு நண்பகலில் குழம்புச் சோற்றைத் தாமே பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார். வார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அதைத் தம் வாயில் வைக்காமல், அதுவரை தமக்கு ஊட்டிவிட்டு வந்த பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊட்டினார். அந்தப் பக்கத்துக் கட்டில்காரரும் நோயாளிதான்.

இந்தச் சிகிச்சையின் வரலாறு நம் இளைஞர்களுக்குத் தெரிய வேண்டும். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்வதில்லை என்பதையும், நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் சூட்டிலும் காயத்திலும் கிருமித்தொற்றிலும்தான் அவை அழிகின்றன என்பதையும் அவர் பொறுமையாக ஆராய்ந்து காட்டினார். முன்கையில் வலுவோடிருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களுக்குத் திருப்பிக் கட்டினார். அதோடு ஊழியம் முடிந்துவிடவில்லை. கை நேரானவர்களுக்குப் பிச்சை விழுவது குறைந்தது. வேலை தரவும் ஆளில்லை. ஆகவே தச்சுவேலை கற்று உழைத்து உண்ண நவ ஜீவ நிலையம் என்ற குடியிருப்பு உருவானது. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டபின் அங்கே பயிற்சி பெற்றவர்கள் பல நாடுகளில் பணிசெய்தார்கள். இரக்கம் என்று நாம் பிரசங்கத்தில் பேசுவதற்குப் பின்னால் இவ்வளவு படிப்பும் உழைப்பும் இருக்கின்றன என்பதை, உதவிப் பொட்டலத்தோடு வருகிற இளைஞர் குழுக்கள் உணர வேண்டும்.

ஆசிரியை, திருநெல்வேலி

பெரியவர் சொல்வது உண்மை. ஆனால் இல்லத்துக்குச் சென்று செய்வது ஒருபுறமிருக்க, அவர்கள் நம் ஆலயத்துக்கு வரும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் என்னை உறுத்துகிறது. எங்கள் சபையில், முழுமையாகக் குணமடைந்த ஒருவர் கடைசி இருக்கையில்தான் உட்காருவார். திருவிருந்துக்கு எல்லோரும் போய்வந்தபின், தாமாகவே கடைசியில் எழுந்து போவார். பொதுப் பாத்திரத்தில் அவருக்குப்பின் எவரும் குடிக்க நேராதபடி அவரே அப்படி ஒழுங்குசெய்துகொண்டார். எவரும் அவரை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் இல்லை.

ஒரு ஞாயிறு, ஆலயப் பணிகளைக் கவனிக்கும் எங்கள் கோவில்பிள்ளையின் வயதான மனைவி, தம் வரிசை வந்தும் எழவில்லை. உடல்நிலை சரியில்லை போலும் என்றுதான் நினைத்தோம். அந்த மனிதர் எழுந்து முன்னே சென்றதும், அந்த அம்மாள் கைத்தடியை ஊன்றி அவருக்குப் பின்னால் மெல்ல நடந்துபோய், அவர் குடித்த பாத்திரத்தில் குடித்துவிட்டுத் திரும்பினார். அதைப் பற்றி எவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே செய்தார். மூன்றாம் முறை அந்த அம்மாளுக்குப் பின்னால் வேறு இருவர் நின்றார்கள்.

மருத்துவ அலுவலர், ஆரம்பச் சுகாதார நிலையம்

ஆசிரியை அவர்களே, அந்த அம்மாளை வணங்குகிறேன். ஆயினும் இதைத் தியாகம் என்று எண்ணிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய சில நாட்களிலேயே ஒருவரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு இல்லாமற்போகிறது. மேலும் பெரும்பாலான மனிதர்களுக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. பால் பிராண்டு தம் சிறுவயதில், மலைக்கு வந்த தொழுநோயாளிகளுக்குத் தம் தந்தை கையுறை அணிந்து மருந்திட்டதையும், பிள்ளைகள் வீட்டுக்குள் அனுப்பப்பட்டதையும் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த அச்சத்துக்கு அன்று காரணம் இருந்தது, இன்று இல்லை.

என்னிடம் வந்த ஒரு பெண், தோளில் உணர்ச்சியற்ற தேமலை மூடிக்கொண்டு, "ஊரில் தெரிந்தால் என் மகளின் கல்யாணம் நின்றுவிடும்" என்று மாத்திரை அட்டையைச் சேலைக்குள் மறைத்தார். நான் கண்டது அவ்வளவே, ஆனால் மறக்க முடியவில்லை. எனவே சபைகளில் இருப்போருக்குச் சில வார்த்தைகள். மருந்து அரசு நிலையங்களில் இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் உட்கொள்ள வேண்டும். தேமல் மறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. உணர்ச்சியற்ற காலை உடையவர்கள் தினமும் சாதாரண நீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது, ஏனெனில் சூடு அவர்களுக்குத் தெரியாது. செருப்பைப் போடுமுன் உள்ளே கல்லோ ஆணியோ உண்டா என்று கையால் தடவாமல் கண்ணால் பார்க்க வேண்டும். வாழைப்பழமும் ரொட்டியும் கொண்டுபோகும் குழுக்கள், அதற்குப் பதிலாக அளவெடுத்துச் செய்த எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர் உள்ளடி கொண்ட) செருப்புகளுக்குப் பணம் கட்டினால் கால்கள் பிழைக்கும்.

தொழுநோயாளர் காலனியில் பிறந்து வளர்ந்தவன், செங்கல்பட்டு மாவட்டம்

டாக்டர் ஐயா, நீங்கள் எழுதியவை சரியானவை. ஆனால் நோய் பரவாது என்று தெரிந்தவர்களும் எங்களிடமிருந்து விலகியே நின்றார்கள். தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணம் என்ற பிரிவு, கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டம் உட்படப் பல சட்டங்களிலிருந்து 2019இல்தான் நீக்கப்பட்டது. மருந்து கிடைத்து எத்தனை காலத்துக்குப்பின் என்று எண்ணிப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பாட்டுப் பாடிப் போர்வை கொடுக்க வருவார்கள். எங்கள் அம்மாவின் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள். அம்மா நன்றியோடு ஏற்றுக்கொள்வார். ஒருமுறை, கல்லூரி மாணவி ஒருத்தி குழுவோடு போகாமல் பின்தங்கி, திண்ணையில் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, "அம்மா, எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன், நீங்கள் எனக்காக ஜெபிப்பீர்களா?" என்று கேட்டாள். அம்மாவிடம் அதற்குமுன் வெளியார் எவரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா அவளுடைய கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஜெபித்தார். வேன் ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தும் அவள் எழவில்லை. பெயரைக் கேட்க மறந்ததால், அதன்பின் குடும்ப ஜெபத்தில் அம்மா "வேனில் வந்த பிள்ளையின் தகப்பனார்" என்றே ஆண்டவரிடம் சொல்லி வந்தார். போர்வைகள் தந்தவர்களை அம்மா குறைசொன்னதில்லை. ஆனால் அவர் பெயர் தெரியாமலே விசாரித்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்தியைத்தான்.

ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட், காட்பாடி

தம்பி, உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதற்கு நன்றி. டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: காலில் திறந்த புண் இருந்தால் அந்த இடத்தைக் கல்லால் தேய்க்கக் கூடாது, சுத்தமான துணியால் கட்டி, காலுக்கு முழு ஓய்வு கொடுத்து, உடனே காட்ட வேண்டும். செருப்புக்குப் பணம் கட்ட முன்வரும் சபைகள், அளவெடுக்கும் நாளில் தாங்களும் உடனிருந்து, ஒவ்வொருவருடைய பாதத்தின் வரைபடத்தையும் தாளில் போட்டுக்கொடுத்தால், செருப்பு தைப்பவருக்குப் பாதி வேலை குறையும்.