பாட்டி குரல் உள்ள கேசட்டை எப்படிக் காப்பாற்றுவது?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 1993-ல் எனக்கு ஏழு வயது. அப்பா வாங்கி வந்த டேப் ரிக்கார்டர்தான் எனக்குப் பெரிய விளையாட்டுச் சாமான். பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் ஓட்டைகளில் செலோடேப் ஒட்டினால் அதிலேயே பதிவு செய்யலாம் என்று யாரோ சொல்ல, சிவப்புப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பாட்டியைக் கதை சொல்ல வைத்தேன். (பாட்டு அழிந்ததற்கு அடியும் வாங்கினேன்.)

அந்த 60 நிமிடக் கேசட் போன வாரம் பரணில் கிடைத்தது. நாடா அறுபடவில்லை. ஆனால் அதை ஹெட்டோடு (டேப் ரிக்கார்டரில் நாடாவைப் படிக்கும் பகுதி) சேர்த்து அழுத்தும் குட்டிப் பஞ்சு விழுந்துவிட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கிறது. திருகாணி போட்ட கேசட் என்றால் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றியிருப்பேன். இது ஒட்டிய வகை. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கை நடுங்குகிறது.

இதைச் செய்து பழகியவர்கள் மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், குரலைக் கணினியில் ஏற்ற, டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன்னுக்கு (ஒலி உள்ளே போகும் துளை) ஒரு 3.5 மி.மீ. ஒயர் போட்டால் போதுமா? ஆன்லைனில் விற்கும் யுஎஸ்பி கேசட் பிளேயர் தேறுமா? நரிக்கதை பாதியில் நிற்கிறது, மீதி மறுபக்கத்தில்தான் இருக்கிறது.