கலைச்சொல் உதவி: கிட்டார் கோவையின் ‘வேரியேஷன்’: திரிபா, சங்கதியா, பிடியா?

க. (திருச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிட்டார் கற்றுக்கொள்ள வரும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கார்டு (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) என்பதற்குக் குழுமத்தில் முன்பு பேசிய ‘சுரக்கோவை’யையே வைத்துக்கொண்டேன், சுருக்கமாகக் ‘கோவை’. அடுத்த பாடத்தில்தான் சிக்கல். ஓர் அடிப்படைக் கோவையின் ‘வேரியேஷன்களை’ அதில் சொல்லித் தர வேண்டும்.

டி மேஜர் என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் தந்தி விரல் இல்லாமல் ஒலிக்கும். ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தியில் இரண்டாம் கட்டம் (ஃபிரெட்), மோதிர விரல் இரண்டாம் தந்தியில் மூன்றாம் கட்டம், நடுவிரல் முதல் தந்தியில் இரண்டாம் கட்டம். ஐந்தாம், ஆறாம் தந்திகளைத் தொடக் கூடாது. டி-யை ச என்று வைத்தால் கேட்பது ச, ப, மேல் ச, மேல் க. இதே நிலையில் சுண்டுவிரலை முதல் தந்தியின் மூன்றாம் கட்டத்தில் வைத்தால் க போய் ம வரும். அது டி சஸ் 4 (சஸ் என்பது ‘சஸ்பெண்டட்’ என்பதன் சுருக்கம்). சுண்டுவிரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டால் முதல் தந்தி திறந்து ரி ஒலிக்கும். அது டி சஸ் 2. ஒரு விரல்தான் அசைகிறது, பாட்டின் முகமே மாறிவிடுகிறது. பிள்ளைகள் கண் விரியும் இடம் இது.

‘வேறுபாடு’ என்று எழுதினேன், இரண்டு கோவைகளை ஒப்பிடச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். ‘மாறுபாடு’ என்றால் தப்பாக வாசித்துவிட்டோமோ என்று கேட்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

பெ. (மதுரை) எழுதியது:

அம்மா, சொல்லைத் தேடி வெளியே போக வேண்டாம், நன்னூலில் இருக்கிறது. ‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’. வாழை, பழம் சேர்ந்தால் ப் தோன்றுகிறது. பொன், குடம் சேர்ந்தால் ன் ற் ஆகத் திரிகிறது. மரம், வேர் சேர்ந்தால் ம் கெடுகிறது. நீங்கள் சொல்வதும் இதுவேதான். க போய் ம வந்தால் திரிதல். இருக்கிற சுரங்களோடு புதிதாக ஒன்று சேர்ந்தால் தோன்றல். ஒரு சுரம் விடுபட்டால் கெடுதல். உங்கள் கையேட்டுப் பாடத்துக்கு மூன்று உட்தலைப்புகள் ஆயத்தமாக இருக்கின்றன. பொதுப்பெயர் ‘கோவை விகாரம்’. எட்டாம் வகுப்பில் இலக்கணம் படித்த பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக வேறு சொல் அமையாது.

சி. (சென்னை) எழுதியது:

ஐயா, மூன்றாகப் பிரித்தது அருமை. ஆனால் ‘விகாரம்’ என்று அச்சிட்டால் பிள்ளைகள் அசிங்கம் என்றுதான் படிப்பார்கள். இலக்கண வகுப்புக்கு வெளியே அந்தச் சொல்லுக்கு இன்று வேறு பொருள் கிடையாது. கெடுதல் கதையும் அதுதான். ‘இந்தக் கோவையைக் கெடுத்து வாசி’ என்று எந்த ஆசிரியர் சொல்வார்?

என்னைக் கேட்டால் ‘கோவை வகைகள்’ போதும். கணினித் தமிழாக்கத்தில் நாங்கள் பட்ட பாடு இது. சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனர் ஒரு நொடி தயங்கினால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சொல்லப்போனால் ‘கார்டு’ என்பதையே விட்டிருக்கலாம். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிற யாரும் கோவை என்று சொல்லிக் கேட்டதில்லை, ‘டி கார்டு பிடி’ என்பார்கள்.

பெ. எழுதியது:

தம்பி, யாரும் சொல்லவில்லை என்பதற்காகத்தானே கையேடு எழுதுகிறோம்? ‘வகை’ எதற்கும் பொருந்தும், ஆகவே எதையும் குறிக்காது. மேஜர், மைனர் என்பவையும் வகைதான். ஒன்றை அடியாக வைத்து அதிலிருந்து கிளைப்பது என்ற கருத்து ‘வகை’யில் இல்லை, ‘திரிபு’வில் உண்டு. விகாரம் வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். திரிபை விட மாட்டேன்.

ந. (தஞ்சாவூர்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏன் இவ்வளவு சுற்று? ‘சங்கதி’ என்று சொல்லிப் பாருங்கள். கீர்த்தனையில் ஒரே வரியை முதலில் எளிமையாகப் பாடி, அப்புறம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துப் பாடுவதைச் சங்கதி என்கிறோம். கச்சேரி கேட்கிற யாருக்கும் தெரியும், சினிமாப் பாட்டுக்காரர்களும் சொல்கிறார்கள். அடிப்படை ஒன்று, அதன் மேல் வரும் மாற்றங்கள் பல. க. கேட்பது இதுதானே? வடமொழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள், தெரியும். இசைக்காரர் வாயில் தினம் புழங்குகிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாகச் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்று. ஃபிரெட்டைக் ‘கட்டம்’ என்கிறீர்கள். வீணையில் அதற்கு ‘மெட்டு’ என்று பெயர். 24 மெட்டுகள், மெழுகில் பதித்திருக்கும். அதையே வையுங்கள்.

க. எழுதியது:

அம்மா, மெட்டை நானும் யோசித்தேன். ஆனால் கிட்டாரில் விரலை உலோகக் கம்பியின் மேல் வைத்தால் ஒலி அமுங்கிப்போகும். கம்பியை ஒட்டி, அதற்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் அழுத்த வேண்டும். ஆகவே கம்பிக்கு ‘மெட்டு’, இடைவெளிக்குக் ‘கட்டம்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ‘இரண்டாம் கட்டத்தில், மெட்டை ஒட்டி அழுத்து’ என்றால் பிள்ளைக்குச் சரியாகப் புரிகிறது.

ஜெ. (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம் அக்கா. நானும் இங்கே கிற்றார் படிப்பிக்கிறேன். (இந்தியாவில் கிட்டார் என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஒருக்கால் நின்றுதான் வாசிக்கிறேன். இங்கே றகர இரட்டிப்புத்தான்.)

சொல்லைத் தேடமுதல் ஒன்றைப் பிரிக்க வேணும். ‘வேரியேஷன்’ என்று இரண்டு வேறு சங்கதிகளை ஒரே பெயரில் சொல்கிறோம். டி மேஜரை மேல் மூன்று தந்திகளில் மட்டும் பாருங்கள். மூன்றாம் தந்தியில் தொடங்கி 2, 3, 2 என்று கட்டங்களைப் பிடித்தால் ப ச க. அதே மூன்று தந்திகளில் 7, 7, 5 பிடித்தால் ச க ப. 11, 10, 10 பிடித்தால் க ப ச. மூன்று இடம், மூன்று விரல் அமைப்பு, ஆனால் ஒரு சுரமும் மாறவில்லை. கோவை அதேதான், வரிசைதான் சுழல்கிறது. சஸ் 4 அப்படி இல்லை, அங்கே கோவையே வேறாகிவிட்டது.

பிள்ளைகள் குழம்புவது இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கும்போதுதான். முதலாவதைப் ‘பிடி’ என்று சொல்லலாம். ‘டி மேஜருக்கு மூன்று பிடி’. இரண்டாவதுக்கு ஐயா சொன்ன திரிபு பொருந்தும். சங்கதி என்று வைத்தால் இரண்டும் அதற்குள் விழுந்துவிடும்.

சி. எழுதியது:

இது சரி. ‘பிடி’ எனக்கும் பிடித்திருக்கிறது. வாசிப்பவர்கள் ஏற்கெனவே பேசுகிற வினையிலிருந்தே பெயர் வந்துவிட்டது.

பெ. எழுதியது:

ஜெ. அவர்களின் பிரிப்பை ஏற்கிறேன். ஆனால் பிள்ளைகள் ‘பிடி’யைக் கட்டளையாகவும் படிப்பார்களே. வரிசை சுழல்வதற்கு ‘நிரல்மாற்று’ என்று ஒரு சொல்லைப் பரிசீலிக்கலாம்.

பேச்சு வந்ததால் அடிப்படையையும் பார்த்துவிடுவோம். சென்ற முறை ஒருவர் கார்டுக்கு ‘நாண்’ என்று முன்மொழிந்தார். வட்டத்தில் வரும் நாணோடு குழப்பிக்கொண்டது அது. ஆங்கிலத்தில் அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். வட்டத்தின் நாணுக்கு உரிய சொல் கிரேக்கத்தில் குடல் நரம்பைக் குறித்தது. இசைக் கார்டோ, உடன்பாட்டைக் குறிக்கும் ‘அக்கார்டு’ தலை உதிர்ந்து வந்தது. எழுத்துக்கூட்டல் பின்னால்தான் ஒன்றாயிற்று. நம் மொழியில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல் உடல் நரம்பு, யாழ்த் தந்தி, சுரம் மூன்றையும் குறித்தது. ‘நரம்பின் மறை’ என்று தொல்காப்பியர் சொல்வது யாழ் நூலை.

சிலப்பதிகார உரைமரபு நரம்புகளின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகப் பகுக்கிறது. நின்ற நரம்புக்கு, அதாவது எண்ணத் தொடங்கும் சுரத்துக்கு, ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. இப்போது டி மேஜரைப் பாருங்கள். அதில் ச-வுக்கு ப கிளை, க பகை. சஸ் 4-இல் பகை நீங்கி நட்பாகிய ம வருகிறது! ஆகவே சஸ் 4-ஐ ‘நட்புக் கோவை’ என்றே அழைக்கலாம் என்பது என் துணிபு. பண்டைத் தமிழர் கோவை அமைத்திருந்தால்...

ந. எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்த நான்கு உறவும் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இசைக்குச் சொன்னவை. ஒரே நேரத்தில் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது நம் மரபின் அடிப்படையே அல்ல. தம்புராவில் ச, ப சேர்ந்து ஒலிக்கிறதே தவிர, அது கோவை மாறி மாறி நகர்வது ஆகாது. இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற நூலில் ச-ப முறையை (ச-வுக்கு ப, அந்தப் ப-வுக்கு ப என்று சுரங்களைக் காணும் முறை) அவ்வளவு விரித்துப் பேசினார் என்றால், அது பண்களும் சுருதிகளும் பிறக்கும் வழியைக் காட்டத்தான். காதால் கேட்டுப் பாருங்கள். மேஜர் அமர்ந்து நிற்கிறது, சஸ் 4 எங்கேயோ போகத் துடிக்கிறது. அதைப் போய் நட்பு என்றால் பிள்ளை காதை நம்புமா, பெயரை நம்புமா?

ஜெ. எழுதியது:

அம்மா சொன்ன ‘போகத் துடிக்கிறது’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சஸ் என்பதன் மூலக் கருத்தும் அதுவே. முந்தின கோவையிலிருந்து ஒரு சுரத்தை விடாமல் நிறுத்தி வைத்து, பிறகு இறக்குவது. ம வந்து க-வில் இறங்கினால்தான் மனம் ஆறும். இதற்குத் தமிழில் ஒரு சொல் காத்திருக்கிறது: எச்சம். ‘வந்து’ என்று நிறுத்தினால் வினை முடியவில்லை, ‘வந்து நின்றான்’ என்றால் முடிகிறது. சஸ் 4 எச்சக் கோவை, அது இறங்கி வந்து சேரும் மேஜர் முற்றுக் கோவை. நாளைக்கு வகுப்பில் சுண்டுவிரலை வைத்து ஒருக்கால், எடுத்து ஒருக்கால் வாசித்துக் காட்டி ‘எது எச்சம், எது முற்று’ என்று கேளுங்கோ. இலக்கணத்தில் தடுமாறுகிற பிள்ளையும் சரியாகச் சொல்லும்.

பெ. எழுதியது:

நட்பைக் கைவிடுகிறேன். எச்சம் மிக நன்று! வினையெச்சமா பெயரெச்சமா என்று ஆராய்ந்தால் இன்னும் ஆழம் கிடைக்கும். சஸ் 2 பெயரெச்சத் தன்மையது என்று தோன்றுகிறது.

சி. எழுதியது:

ஐயா, தயவுசெய்து அங்கே போக வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்துவிடும். எனக்கு எச்சத்தில் இரண்டு தயக்கம். ஒன்று, பறவை எச்சம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். இரண்டாவது, சஸ் கோவை எல்லாம் இறங்குவதில்லை. இன்றைய பாட்டில் சஸ் 2-இலேயே நின்று முடிக்கிறார்கள், யாருக்கும் குறை தெரிவதில்லை. போதாததற்கு டி சஸ் 2-இல் இருக்கும் டி, ஈ, ஏ (நம் கணக்கில் ச, ரி, ப) மூன்றும்தான் ஏ சஸ் 4-இலும் இருக்கின்றன. ஒரே மூன்று சுரங்கள் ஒரு பெயரில் அமர்ந்தும் இன்னொரு பெயரில் தவித்தும் இருக்கின்றன. பெயரில் தவிப்பை எழுதி வைத்தால் நாளைக்கு அதை அழிக்க வேண்டியிருக்கும். சஸ் என்றே இருக்கட்டும். அட்டவணையிலும் செயலியிலும் பிள்ளை பார்க்கப்போவது அதைத்தான்.

க. எழுதியது:

நன்றி, எல்லோருக்கும். இன்று வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். ‘பிடி’ உடனே ஒட்டிக்கொண்டது. 7, 7, 5-ஐக் காட்டி இது டி-யின் இன்னொரு பிடி என்றேன், யாரும் திரும்பக் கேட்கவில்லை. ‘திரிபு’க்கு ஒரு மாணவி ‘பால் திரிந்தது மாதிரியா மிஸ்?’ என்றாள். பொன் பொற்குடம் ஆனதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

ஐயாவிடம் ஒரு சந்தேகம். டி 7 வாசிக்க மூன்றாம், இரண்டாம், முதல் தந்திகளில் 2, 1, 2 பிடிக்கிறோம். விரலைப் பார்த்தால் மேல் ச கீழே இறங்கி நி ஆகிறது, ஆகவே திரிதல். சுரத்தைப் பார்த்தால் நான்காம் தந்தியில் ச அப்படியே இருக்கிறது, நி புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது, ஆகவே தோன்றல். எதில் சேர்ப்பது?

பெ. எழுதியது:

தோன்றல்தான். ச முழுவதும் மறைந்தால்தான் திரிதல். விரல் செய்வது வேறு, காதுக்குக் கிடைப்பது வேறு. ஆனால் இதையே கெடுதலும் தோன்றலும் சேர்ந்த இரட்டை விகாரமாகக் கொள்ளவும் இடமுண்டு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜெ. எழுதியது:

தோன்றலுக்குச் சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் ஐந்தாம் தந்தியில் தொடங்கி 5, 4, 2, 3, 0 பிடியுங்கோ அக்கா (0 என்றால் விரல் இல்லாத தந்தி). ச க ப ச ரி. க இருக்கும்போதே ரி வந்து சேர்கிறது. ஆட் 9 என்பது அது. சஸ் 2-க்குப் பக்கத்தில் வைத்தால் திரிதல், தோன்றல் இரண்டும் ஒரே பார்வையில் விளங்கும். கெடுதலுக்கு க இல்லாமல் ச, ப மட்டும் வாசிக்கிற பவர் கார்டு.

க. எழுதியது:

அருமை, அப்படியே சேர்த்துவிட்டேன். அச்சுக்குப் போவது இது: கோவை, மெட்டு, கட்டம், பிடி, திரிபு. திரிபுக்குள் சேர்ப்பு, மாற்று, விடுப்பு. தோன்றல், திரிதல், கெடுதலை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறேன். சஸ் 4, சஸ் 2 பெயர்கள் அப்படியே இருக்கின்றன. எச்சம், முற்று விளக்கம் ஆசிரியர் குறிப்பில் வருகிறது. சி., ஜெ., பெ. ஐயா மூவரும் திரிபுக்கு ஆதரவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

சி. எழுதியது:

ஆதரவு என்று சொல்ல மாட்டேன், எதிர்ப்பு இல்லை.

ஜெ. எழுதியது:

நான் என் வகுப்பில் எச்சம் என்றுதான் படிப்பிக்கப் போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும், இரண்டு பாடம் ஒன்றாக ஏறும்.

ந. எழுதியது:

கையேட்டுக்கு வாழ்த்துகள். திரிபை நான் ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மேலே ஜெ. எழுதியதையே இன்னொரு முறை படியுங்கள். ‘இரண்டு வேறு சங்கதிகள்’ என்று அவர் கையே எழுதியிருக்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது இதே இழையில் வந்து கேட்பேன்.