மாமியின் வயிற்றில் பங்கசாம்: ஞாயிற்றுக்கிழமை அப்பத்தை நிறுத்த வேண்டுமா?

கோண்டாவில் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு கிழமையாக இதைத் தவிர வேறு கதை இல்லை.

மாமிக்கு 67 வயது. பதினைந்து வருடமாகச் சலரோகம். மெற்போமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறார். மாசி மாதம் வளவில் ஓலை இழுக்கும்போது பனங்கருக்குக் காலைக் கிழித்துவிட்டது. புண் லேசில் ஆறவில்லை. சீனியும் ஏறியிருந்தது. பத்து நாள் அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள், மெற்போமின் குளிசையையும் கூட்டினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு வயிறு ஊதல், அடிக்கடி வெளிக்குப் போதல், நாக்கில் எரிவு. உறைப்பை வாயில் வைக்க முடியாது என்கிறார். மிளகாய்த்தூள் போடாத குழம்பைக் குழம்பென்றே ஒப்புக்கொள்ளாத மனுசி என்பதால் இதைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது.

இந்த நேரம் பார்த்துக் கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு காணொளி அனுப்பினார். காலையில் எழும்பியதும் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு அதில் துப்ப வேண்டுமாம். எச்சில் நூல் நூலாகக் கீழே இறங்கினால் குடல் நிறையப் பங்கசு என்று அர்த்தமாம். மாமி துப்பினார், இறங்கியது. யாருக்கும் தெரியாமல் நானும் துப்பிப் பார்த்தேன், எனக்கும் இறங்கியது. இவரையும் துப்பச் சொன்னேன். ஏனென்று கேட்காமல் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கும் இறங்கியது.

மச்சாள் விடவில்லை. நகரில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் மலம் பரிசோதித்தோம். 'மதுவக் கலங்கள் காணப்படுகின்றன' என்று அறிக்கை வந்தது, மதுவம் என்றால் ஈஸ்ட். அவ்வளவுதான். பாண் இல்லை, தோசை இல்லை, பழஞ்சோறு இல்லை என்று கனடாவிலிருந்து கட்டளை வந்தது. குடலைச் சுத்தமாக்க ஒரு போத்தல் கப்சியூலும் பொதியில் வந்து சேர்ந்தது. எல்லாவற்றிலும் மோசம் அப்பம். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை அப்பம்தான். மாவுக்கு ஒரு கோப்பை பனங்கள்ளு விடுவோம். மாமா இருந்த காலம் முதல் அது பக்கத்து வளவிலிருந்துதான் வருகிறது. கள்ளு என்றால் மதுவம், மதுவம் என்றால் பங்கசு, ஆகவே இத்தனை வருடமாக மாமிக்கு நஞ்சு கொடுத்திருக்கிறேன் என்று பேச்சு வளர்ந்துவிட்டது.

அந்த அறிக்கை பயப்பட வேண்டிய ஒன்றா? அப்பத்தை நிறுத்துவதா? இதை விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

தவறணை ஓரம்:

அக்கா, வயிற்றுக்குள் மதுவம் இருக்கிறது, மேலே சீனியும் போகிறது. அப்படியென்றால் உள்ளேயே கள்ளு ஊற வேண்டுமே? நான் ஏன் இத்தனை வருடமாகக் காசு கொடுத்துக் குடிக்கிறேன்?

சாவகச்சேரி பாமசிக்காரன்:

அக்கா, அறிக்கையைப் பற்றி விளங்கியவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தப் போத்தல்தான் பயம். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. யாராவது ஃபுளூக்கொனசோல் வாங்கிக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பங்கசு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தக் குளிசையைக் கேட்டுக் கடைக்கு வருபவர்களைக் கிழமைக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். கிளிக்ளசைட்டை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியத்தை அது தடுக்கும். கிளிக்ளசைட் இரத்தத்தில் தேங்கும், சீனி சட்டென்று விழும். வயதானவர் இரவில் நித்திரையிலேயே மயங்கிவிடலாம். வைத்தியர் எல்லாக் குளிசையையும் பார்த்து எழுதிக் கொடுத்தால் வேறு விஷயம்.

கோண்டாவில் மருமகள்:

தம்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். 'சக்கரோமைசிஸ் பொலார்டி' என்று இருக்கிறது. மாமி நான்கு எடுத்துவிட்டார்.

பருத்தித்துறை வாத்தியார்:

பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் உயிரியல் படிப்பித்தவன், வைத்தியன் அல்ல. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சாளின் போத்தல். சக்கரோமைசிஸ் என்பதே மதுவம்தான். பாணைப் பொங்க வைப்பதும் கள்ளை நொதிக்க வைப்பதும் இந்தக் கூட்டம்தான். மதுவத்தை ஒழிக்கிறேன் என்று அப்பத்தை நிறுத்திய உங்கள் மச்சாள், தபாலில் அனுப்பியது உயிருள்ள மதுவம். வாசித்தபோது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். 1920களில் ஹென்றி பொலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் வாந்திபேதி பரவிய நேரம் பார்த்தது இது: சனங்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலை அவித்துக் குடித்து வயிற்றோட்டத்தை அடக்கினார்கள். அந்தத் தோலிலிருந்து அவர் பிரித்தெடுத்த மதுவம்தான் உங்கள் போத்தலில் இருக்கிறது. அன்டிபயோட்டிக் எடுக்கும்போது வரும் வயிற்றோட்டத்துக்கு இன்றும் கொடுக்கிறார்கள். அதற்கு உதவும் என்பதற்குச் சான்றும் உண்டு. குடலைக் கழுவித் துடைக்கும் என்பதற்கு இல்லை.

தம்ளர் கதை வெறும் கதை. எச்சிலில் மியூசின் என்ற வழுவழுப்பான புரதம் இருக்கிறது. இரவு முழுக்க வாய் காய்ந்து தடித்த எச்சிலைத் தண்ணீரில் விட்டால் அது நூலாகத்தான் இறங்கும். உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் இறங்கியதே, அதிலேயே விடை இருக்கிறது. ஒரு சோதனை எல்லோரையும் நோயாளி என்றால் அது யாரையும் சோதிக்கவில்லை.

இனி அறிக்கை. மனிதக் குடலில் பங்கசு வசிப்பது வழமை. கன்டிடா, சக்கரோமைசிஸ், தலையில் பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா ஆகியவற்றை நலமாக இருப்பவர்களின் மலத்திலும் காண்கிறார்கள். பற்றீரியாவோடு ஒப்பிட்டால் தொகை மிகக் குறைவு. மரபணுக் கணக்கில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் ஒரு மதுவக் கலம் ஒரு பற்றீரியாவைவிடப் பருமனில் நூறு மடங்கு பெரிது. நுணுக்குக்காட்டியின் கீழ் அது கண்ணில் படத்தான் செய்யும். மல மாதிரி மேசையில் கிடந்து ஆறினால் இன்னும் பெருகும். ஆகவே 'காணப்படுகின்றன' என்ற ஒரு சொல்லை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

அப்பத்துக்கு வருகிறேன். பனையில் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது கருப்பணி, பூசாவிட்டால் கள்ளு. சுண்ணாம்பு தடுப்பது இந்த நுண்ணங்கிகளைத்தான். கள்ளு விட்ட மாவில் மதுவம் உயிரோடு இருக்கிறது, உண்மை. தாச்சியில் வெந்ததும் செத்துவிடும். செத்த மதுவத்தின் மரபணு மலத்தில் தெரியலாம், அது குடியிருப்பு ஆகாது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்தது. சக்கரோமைசிஸ் இல்லாத சாப்பாடு கொடுத்தபோது மலத்திலிருந்து அது மறைந்தது. பல்லை நன்றாகத் துலக்க வைத்தபோது மலத்தில் கன்டிடா குறைந்தது. இரண்டாவதை இன்னொரு முறை வாசியுங்கள். குடலில் இருக்கிறது என்று நாம் நினைத்த கன்டிடாவில் ஒரு பகுதி வாயிலிருந்து விழுங்கப்பட்டது.

ஆகவே என் கேள்வி ஒன்றுதான். மாமி கட்டுப்பல் போடுகிறாரா? போட்டால், இரவில் கழற்றுகிறாரா?

தவறணைத் தம்பிக்கு: உள்ளே கள்ளு ஊறுவதும் நடந்திருக்கிறது. 1950களிலிருந்து ஜப்பானில் அப்படி நோயாளிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். சோறு சாப்பிட்டவர்கள் குடிக்காமலே வெறித்துத் தள்ளாடினார்கள். மிக அரிது. நீர் தொடர்ந்து காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நல்லூர் வாசி:

வாத்தியார் ஐயா எல்லாவற்றையும் லேசாகத் தள்ளிவிடுகிறார். என் அக்காவுக்குத் தீராத களைப்பு, தலையிடி. மதுவம் உள்ள எல்லாவற்றையும், சீனியையும் நிறுத்தினார். இரண்டு மாதத்தில் ஆள் மாறிவிட்டார். குடல் பங்கசால் புற்றுநோய் வருகிறது என்று வெள்ளைக்காரனே எழுதியிருக்கிறான்.

பருத்தித்துறை வாத்தியார்:

தங்கச்சி, அக்கா சுகமானதில் சந்தோஷம். சீனி, பாண், கேக் எல்லாவற்றையும் இரண்டு மாதம் நிறுத்தினால் பலருக்கு உடம்பு லேசாகும். அதற்குப் பங்கசு செத்திருக்க வேண்டும் என்றில்லை. களைப்புக்கும் தலையிடிக்கும் கன்டிடாதான் காரணம் என்று 1980களில் அமெரிக்காவில் பெரிய அலை அடித்தது. 1990இல் அதைச் சோதித்தார்கள். பெண்களுக்குச் சில காலம் பங்கசைக் கொல்லும் நிஸ்டட்டின், சில காலம் வெற்று மருந்து என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். களைப்பு, மனச்சோர்வு போன்ற பொதுவான உபாதைகளில் நிஸ்டட்டின் வெற்று மருந்தைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

அதற்காக நான் குடல் பங்கசை ஒன்றுமில்லை என்று தள்ளவும் இல்லை. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ள பலருடைய இரத்தத்தில், பாணுக்குப் போடும் அதே மதுவத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கிறது. 2012இல் எலிகளில் காட்டினார்கள்: பங்கசுவின் கலச்சுவரை இனங்காணும் ஒரு வாங்கி, அதாவது உடற்கலத்தில் இருக்கும் ஓர் உணரி, இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி கடுமையாக வந்தது. அங்கே பிழை பங்கசிடம் மட்டுமில்லை, அதை அடக்கி வைக்க வேண்டிய நிர்ப்பீடனத்திலும் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்த இடம் அதுதான். கன்டிடா சாதாரணமாக உருண்டைக் கலமாகக் கிடக்கும். இடம் கிடைத்தால் இழையாக நீண்டு இழையத்தைத் துளைக்கும், நஞ்சும் சுரக்கும். அன்டிபயோட்டிக் பற்றீரியாவை அழித்தால் இடம் கிடைக்கிறது. சீனி ஏறினால் தீனும் கிடைக்கிறது.

புற்றுநோய்ச் செய்தி: 2019இல் கணையக் கட்டிகளுக்குள் மலசீசியா இருப்பதாக ஒரு குழு எழுதியது. உலகமெல்லாம் செய்தியானது. 2023இல் வேறு ஆட்கள் அதே தரவுகளைத் திரும்ப அலசி, அந்தத் தொடர்பைக் காண முடியவில்லை என்றார்கள். அது செய்தியாகவில்லை.

சாவகச்சேரி பாமசிக்காரன்:

போத்தலைப் பற்றி: சாதாரண ஆளுக்குப் பெரிய கெடுதி இல்லை. ஆனால் கழுத்து நாளத்தில் குழாய் போட்டு வைத்தியசாலையில் கிடப்பவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் அந்த மதுவம் இரத்தத்தில் ஏறிய சம்பவங்கள் உண்டு. மாமி வைத்தியரைக் காணும் வரை நிறுத்தி வையுங்கள். போகும்போது எல்லாக் குளிசையையும் பையோடு கொண்டு போங்கள். மெற்போமினைக் கூட்டிய திகதியையும் ஊதல் தொடங்கிய திகதியையும் எழுதிக் கொண்டு போனால் நல்லது. ஏன் என்று அவரே சொல்வார்.

கோண்டாவில் மருமகள்:

ஐயா, கட்டுப்பல் உண்டு. மேல் வரிசை முழுவதும். இரவில் கழற்றுவதில்லை. மாமா இறந்த வீட்டில்கூடப் பல்லோடுதான் படுத்தார். பொக்கை வாயோடு தன்னை யாரும் பார்க்கக் கூடாதாம். கேட்டதற்கு என்னோடு ஒரு நாள் கதைக்கவில்லை.

கோண்டாவில் மருமகள், ஒன்பது நாள் கழித்து:

வைத்தியரிடம் போய் வந்தோம். அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கம் வைத்தார். பல்லைக் கழற்றச் சொன்னார். மாமி என்னைப் பார்த்தார். நான் திரும்பிச் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அண்ணம் முழுக்க, பல்லின் அச்சு அப்படியே, செக்கச் செவேலென்று சிவந்திருந்ததாம். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைப் படை. வாயில் கன்டிடா என்றார். நிஸ்டட்டின் துளி தந்தார். நான்கு வேளையும் வாயில் விட்டு நன்றாகச் சுழற்றி வைத்திருந்து விழுங்க வேண்டும். அது குடலிலிருந்து இரத்தத்துக்குப் பெரிதாக ஏறாது, கிளிக்ளசைட்டோடு சண்டை பிடிக்காது என்றும் சொன்னார். பாமசித் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

ஊதலுக்குக் காரணம் வேறு. திகதிகளைக் காட்டினேன். மெற்போமினைக் கூட்டி நான்காம் நாள் தொடங்கியிருக்கிறது. அதுவும் மாமி வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார், விரத நாட்களில் மதியம் வரைக்கும் ஒன்றும் சாப்பிடாமல். எனக்கே தெரியாது. சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி, மெல்ல வேலை செய்யும் வகைக்கு மாற்றியிருக்கிறார். ஊதல் பாதி இறங்கிவிட்டது. நேற்று மிளகாய்த்தூள் காணாது என்று குழம்பில் குறை சொன்னார்.

அப்பத்தைப் பற்றிக் கேட்டேன். கள்ளைப் பற்றி வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை, எத்தனை அப்பம் என்று கேட்டார். மாமி இரண்டு என்றார். நான் மறுபடியும் நாட்காட்டியைப் பார்த்தேன்.

பருத்தித்துறை வாத்தியார்:

சந்தோஷம் பிள்ளை. அந்த நிஸ்டட்டினைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள், எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும். 1950இல், ஒரு பண்ணை மண்ணில் இருந்த நுண்ணங்கியிலிருந்து எடுத்தார்கள். வேலை செய்த நியூயோர்க் மாநிலத்தின் பெயரையே மருந்துக்கும் வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வாங்குப் பையன்களும் நிமிர்ந்து இருப்பார்கள்.

பல்லை இரவில் என்ன செய்கிறார்?

கோண்டாவில் மருமகள்:

கழற்றுகிறார் ஐயா. அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு. காலையில் நான் தேநீர் கொண்டு போவதற்குள் போட்டுவிடுகிறார். ஊற வைக்க ஒரு தம்ளர் வேண்டும் என்றார், துப்பிப் பார்த்த தம்ளரையே கொடுத்துவிட்டேன். மச்சாள் வீடியோவில் எடுக்கும் நேரம் மட்டும் அதை அலுமாரிக்குள் ஒளித்துவிடுகிறோம்.