புதுப்பிப்பு: விலங்கியல் படிக்க என்ன வழி?

போன பதிவில், மலேசியாவில் விலங்கியல் படிக்க எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) உயிரியல் இருந்தால் போதும் என்பதுபோல் எழுதிவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள்: கூடவே வேதியியலும் எடுங்கள். அது இல்லாவிட்டால் பல கதவுகள் திறக்காது. முவெட் என்ற பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வையும் தள்ளிப்போட வேண்டாம்.

பட்டத்தின் பெயரில் ‘விலங்கியல்’ இருக்கிறதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பெயரை விடுங்கள், சூழலியல், புள்ளியியல், களப்பணி இருக்கிறதா பாருங்கள். பினாங்குப் பிள்ளைகளுக்கு யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பக்கத்திலேயே இருக்கிறது. பினாங்குத் தீவின் முக்கா ஹெட்டில் அதன் கடலாய்வு நிலையமும் உண்டு.

களப்பணி என்றால், விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டுவதும்தான். முழங்கால் உயரம், பாதைக்குச் சற்றுச் சாய்வாக. கிழக்கையோ மேற்கையோ பார்க்க வைத்தால் வெயில் நேராக அடித்து, விலங்கே இல்லாத வெற்றுப்படங்கள் குவியும். முன்னால் ஆடும் இலைகளை வெட்டாவிட்டாலும் அதே கதை. மெமரி கார்டு நிறைந்துவிடும், பேட்டரியும் தீரும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடாவிட்டால் நம்மூர் ஈரத்தில் லென்ஸ் மங்கும்.

பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடித்து ஆராய 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்ஹிலித்தான் எனும் தீபகற்ப மலேசிய வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். ஆய்வுத் தேதிக்கு முன்தினம் போய் நின்றால் நடக்காது.

அரசு வேலை குறியா? எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாய்மொழியில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி, கட்டாயம். பட்டம் வாங்கியபின் இதில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.