கண்ணாடி மவுஸ்பேட் தேர்வு குறித்து ஆலோசனை தேவை

வணக்கம். கடலோரப் புழுக்கத்தில் துணி மவுஸ்பேட் ஈரம் கோத்து இழுவை கூடிவிடுவதால், வேலரண்ட் என்னும் கணினித் துப்பாக்கிச் சுடும் விளையாட்டை ஆடுவதற்குக் கண்ணாடிப் பரப்புக்கு மாற விரும்புகிறேன். ரேசர் அட்லஸ், ஸ்கைபேட் 3.0 ஆகிய இரண்டையும் பரிசீலித்து வருகிறேன். குறைந்த சென்சிட்டிவிட்டியில் (திரையில் குறி சற்றே நகர மவுஸை அதிக தூரம் நகர்த்த வேண்டிய அமைப்பில்) முழுக் கையையும் வீசி ஆடுபவன் என்பதால், 450 மி.மீ. அகலமுள்ள முதலாவதைவிட 500 மி.மீ. அகலமுள்ள இரண்டாவதே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

கண்ணாடியில் உராய்வு மிகக் குறைவு. ஆகவே, குறிவைத்த இடத்தில் மவுஸைச் சட்டென நிறுத்தும் கட்டுப்பாடு உங்களுக்குப் பழக்கத்தில் கைவந்ததா என்பதையும், மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் டெஃப்ளான் ஸ்கேட்டுகள் (வழுக்குப் பட்டைகள்) விரைவாகத் தேய்வதால் கடினமான பிளாஸ்டிக்கில் வரும் புள்ளி வடிவ ஸ்கேட்டுகளுக்கு மாறினீர்களா என்பதையும் அறிய ஆவலாக உள்ளேன். வியர்வையில் முன்கை ஒட்டாதிருக்க ஸ்லீவ் அணிவது அவசியம்தானா? பயன்படுத்தி வருபவர்கள் அன்புகூர்ந்து விரிவாகத் தெரிவிக்கவும்.